சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா: எந்த டார்ச்லைட் எந்த வேலைக்கு?

கேள்வி இதுதான்: கோலாலம்பூரில் கொண்டோ வீடு, அவ்வப்போது மலையேற்றம், பினாங்குக்குப் போனால் இரவில் தூண்டில். கடையில் வெள்ளையைத் தவிர நாலைந்து நிறங்களில் எல்இடி டார்ச்லைட் தொங்குகிறது. எது உண்மையிலேயே உதவும், எது வெறும் அழகுக்கு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிற டார்ச்லைட் வெள்ளையைவிடக் கூடுதலாக எதையும் காட்டாது. சிலவற்றை மறைக்கும், அவ்வளவுதான். எதை மறைத்தால் உங்கள் வேலை நடக்கும் என்று யோசித்தால் நிறம் தானாக அமைந்துவிடும். புற ஊதா மட்டும் விதிவிலக்கு. வீட்டுக்கு அதிகம் பயன்படுவதும் அதுதான் என்பதால் கீழே அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

சிவப்பிலிருந்து தொடங்கலாம். மங்கலான வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் கோல் செல்கள். அவை 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, அதாவது நீலப்பச்சையில், மிகக் கூர்மையாக இருக்கும். 620 நானோமீட்டரைத் தாண்டிவிட்டால் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வெள்ளை டார்ச்லைட் முகத்தில் ஒருமுறை அடித்தால் அந்த அரைமணி நேரம் வீண். 620-630 நானோமீட்டர் சிவப்பு எல்இடி அதைக் கெடுக்காது, ஆனால் மங்கலாக இருந்தால் மட்டும். 'சிவப்புதானே' என்று முழு வெளிச்சத்தில் வைப்பவர்கள்தான் அதிகம். பளிச்சென்ற சிவப்பும் கண்ணைக் கூசவைத்துப் பழக்கத்தைக் கலைக்கும். கையில் உள்ள தாளை வாசிக்க முடிகிற அளவுக்குக் குறைந்த வெளிச்சம் போதும்.

நகருக்குள் நட்சத்திரம் பார்க்கச் சிவப்பு விளக்கு வாங்குவது வீண். தெருவிளக்கும் கட்டட விளக்கும் வானத்தையே வெளுக்க வைத்திருக்கும் இடத்தில் கண் இருட்டுக்குப் பழகவே போவதில்லை. குவாலா சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் மின்மினி பார்க்கப் போனால் தேவைப்படும். அங்கே பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுவது ஒன்றுக்கொன்று விடும் சைகை. வெள்ளை வெளிச்சம் அதைக் குலைத்துவிடும். படகில் ஏறி இறங்கும்போது சிவப்பைப் படகின் தரையில் மட்டும் அடியுங்கள், மரத்தின் மேல் வேண்டாம். பினாங்கு தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட்டில் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆமைக்கும் நீண்ட அலைநீளம் குறைவாகவே தெரியும். அதனால் சிவப்பு பரவாயில்லை, ஆனால் தீங்கே இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்தில் அடிக்காதீர்கள், குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் முன் எந்த விளக்கும் வேண்டாம், பூங்கா ஊழியர் சொல்வதைக் கேளுங்கள். குஞ்சுகள் கடற்கரையில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும் என்பதால் கைப்பேசித் திரைகூட அவற்றுக்கு வழி தவறவைக்கும் விளக்குதான்.

இனி சிவப்பு எதையெல்லாம் மறைக்கும் என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் குங்குமம் வைத்துச் சிவப்பு விளக்கில் பார்த்தால் பொட்டு காணாமல் போய்விடும். தாளும் குங்குமமும் சிவப்பை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வரைபடத்தில் சிவப்பிலும் ஆரஞ்சிலும் போட்ட கோடுகளுக்கும் இதே கதி. ஆபத்து வருவது மின்சாரத்தில். மின்சாரம் டிரிப் ஆகி, டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியைத் திறக்கிறீர்கள். பழைய வீடுகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. புதியவற்றில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். சிவப்பு வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் கறுப்பும் ஒரே கருமையாகத் தெரியும். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற டார்ச்லைட்டே கூடாது. சுவிட்சைத் தூக்குவதைத் தாண்டிய வேலை என்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

காட்டுப் பாதையில் சிவப்பில் நடப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. பினாங்கு பாம்புக் கோவிலில் சுருண்டு கிடக்கும் அந்த வாக்லர் விரியன் காடுகளிலும் தாழ்ந்த கிளைகளில் அசையாமல் இருக்கும். இளம் பாம்பு பளிச்சென்ற பச்சை. சிவப்பு வெளிச்சத்தில் அது இலையோடு இலையாகக் கறுத்துவிடும். பச்சை விளக்கில் இன்னும் மோசம், இலையும் பாம்பும் சேர்ந்தே மின்னும். பூனையின் கண்போலப் பாம்பின் கண் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அதனால் கண்ணொளியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. நடக்கும்போது வெள்ளை, உட்கார்ந்து கவனிக்கும்போது சிவப்பு.

வெள்ளை டார்ச்லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். அரைகுறையாக ஆகும். வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் சிவப்பு குறைவு, குளிர்வெள்ளையில் இன்னும் குறைவு. தாள் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். மெல்லிய தாளாக இருந்தால் பச்சையும் மஞ்சளும் கசியும். சோதிக்க அதே குங்குமம் போதும்: பொட்டு தெரிந்தால் கசிகிறது என்று பொருள். பழைய சிடி ஒன்றின் பின்பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பார்த்தாலும் தெரியும். நல்ல சிவப்பு எல்இடிக்கு ஒரே சிவப்புப் பட்டை வரும். வடிகட்டித் தாளுக்குப் பக்கத்தில் பச்சை நிழலாடும்.

ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தை, ஏறக்குறைய 590 நானோமீட்டர், ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை என்று தெரியவில்லை. மழை விட்ட மாலையில் ஈசல் வீட்டுக்குள் படையெடுக்கும் ஊர் இது. பூச்சிகளை இழுப்பது புற ஊதாவும் நீலமும். வெள்ளை எல்இடியில் நீலம் தாராளம். பால்கனியில், அஞ்சடியில், கூடாரத்தில் ஆம்பர் வைத்தால் ஈசல் கணிசமாகக் குறையும். கொசு குறையாது, அது மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடி வருவது. இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்போதும் ஆம்பர் நல்லது, தூக்கம் அதிகம் கலையாது. ஆனால் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை அந்த வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். மஞ்சள் விளக்கில் மஞ்சள் மறையும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

மூடுபனியிலும் கனமழையிலும் மஞ்சள் 'ஊடுருவும்' என்பது பாதி உண்மைகூட இல்லை. மழைத்துளி, மூடுபனித்துளி எல்லாம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். கண்ணைக் கூசுவது விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால். தலைவிளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தாலே பாதை தெளிவாகும். நிறத்தை மாற்றுவதைவிட இது பலன் தரும், காசும் ஆகாது.

பச்சை என்றால் மீன்பிடி. பினாங்கைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. தெளிந்த ஆழ்கடலில் நீலம் அதிக தூரம் போகும். கலங்கிய கரையோர நீரில் பச்சை முந்தும், சிவப்பு மேலேயே கரைந்துவிடும். 520 நானோமீட்டர் அளவிலான பச்சை விளக்கை நீருக்குள் இறக்கினால் நுண்ணுயிர்கள் கூடும், அவற்றைத் தின்னச் சிறுமீன், சிறுமீனைத் தேடிச் சோத்தோங் எனப்படும் கணவாயும் வரும். கையில் பிடிக்கும் டார்ச்லைட்டைக் கரையிலிருந்து நீரில் அடிப்பது வீண், பாதி வெளிச்சம் சிதறும், கை ஆடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் எரியும் மூழ்குவிளக்கு வாங்கி, ஈயக்குண்டு கட்டி இறக்கி, அரைமணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தூண்டிலை வெளிச்சத்தின் நடுவில் போடாதீர்கள். கணவாய் வெளிச்சமும் இருளும் சேரும் விளிம்பில்தான் காத்திருக்கும். முள் கட்ட வெள்ளை விளக்கு தேவைப்பட்டால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டுங்கள், திடீர் வெளிச்சம் கூடியதைக் கலைத்துவிடும்.

நீலத்தைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. நீலத்தில் ரத்தம் ஒளிரும் என்று விளம்பரத்தில் வருவது தவறு. ரத்தம் புற ஊதாவிலும் நீலத்திலும் ஒளிராது, கறுப்பாகத்தான் தெரியும். ஊசி போட நரம்பு தேட வேண்டிய இடத்திலும் நீலம் எதிர்ப்பக்கம் நிற்கிறது: தோலுக்குள் புகுந்து நரம்பைக் காட்டுவது சிவப்பு. பொதுக் கழிப்பறைகளில் போதை ஊசியைத் தடுக்க நீல விளக்கு போடும் வழக்கம் இதனால்தான். காரில் நீலமோ சிவப்போ மின்னும் விளக்கு பொருத்தினால் சாலைப் போக்குவரத்துத் துறை (ஜேபிஜே) பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது புற ஊதா. சந்தையில் 395, 365 நானோமீட்டர் என்று இரண்டு வகை. 395 மலிவு; கண்ணுக்கே ஊதா நிறம் பளிச்சென்று தெரியும், அந்த ஊதா மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும். 365 விலை கூட, ஆனால் வேலைக்கு அதுதான். 365-இலும் முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி உள்ளதைப் பாருங்கள், இசட்.டபிள்யூ.பி-2 என்று போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் வெண்மை கசிந்து எல்லாமே மங்கலாக ஒளிர்வதுபோல் இருக்கும். கையில் உள்ளது எந்த வகை என்று தெரிய வெள்ளைச் சுவரில் அடியுங்கள். ஊதா வட்டம் பளிச்சென்று விழுந்தால் 395. வட்டம் மங்கி, சலவைச் சட்டை மட்டும் நீலமாக எரிந்தால் 365.

கொண்டோவாசிகளுக்கு இதன் உச்சப் பயன் கூரை ஒழுகலைக் கண்டுபிடிப்பது. கீழ்வீட்டுக் கூரை நனைகிறது, மேல்வீட்டுக்காரர் 'என் வீட்டிலிருந்து இல்லை' என்கிறார். 2015 ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) பராமரிப்பு விதிமுறைகளின்படி, மாறாக நிரூபிக்கப்படும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். ஆனால் எங்கிருந்து என்பதைக் காட்ட ஆதாரம் இருந்தால் சண்டை குறையும்.

மேல்வீட்டில் முதலில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் அழுத்தமுள்ள தண்ணீர்க் குழாயில் உடைப்பு. சாயச் சோதனையே தேவையில்லை. குடிநீர்க் குழாயில் சாயம் விடவும் கூடாது. மீட்டர் நின்று, குளித்த பின் மட்டும் கீழே ஈரம் கூடினால், தரையின் நீர்க்காப்புப் பூச்சு அல்லது தரை வடிகால் இணைப்பு. இனி சாயம். கடையில் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீன் தூள் கிடைக்கும். அதற்கு முன், இரவில் கீழ்வீட்டு விளக்கை அணைத்துக் கூரையைப் புற ஊதாவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை எல்லாரும் தவிர்க்கிறார்கள், பிறகு தவிக்கிறார்கள்: காங்கிரீட்டில் பூத்த உப்பு, சில சிலிகோன் பூச்சு, சில வெள்ளைப் பெயின்ட்டுகள் முன்பே ஒளிரலாம். முன்படம் இல்லாவிட்டால் பின்படத்துக்கு மதிப்பில்லை.

பிறகு மேலே வடிகால் துளையை ரப்பர் மூடியால் அடைத்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள், குளியலறை வாசல் திட்டைவிடக் கீழே இருக்கட்டும். 1.5 மீட்டருக்கு 2 மீட்டர் அறை என்றால் இது 75 லிட்டர். அதில் ஒரு கிராம் சாயம், ஒரு வாளித் தண்ணீரில் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். தூளை நேரே கொட்டினால் ஓட்டு இடுக்கில் மஞ்சள் கறை நிற்கும். பளிங்குத் தரை என்றால் ஓரத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள். நீர் மட்டத்தைப் பென்சிலால் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே பச்சை ஒளிர்வு வந்தால் தரைப்பூச்சு. வராவிட்டால் அடைப்பை எடுத்து அதே தண்ணீரை வடிகாலில் விட்டு மறுநாள் பாருங்கள். இப்போது வந்தால் வடிகால் இணைப்பு. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது காரணம் என்று தெரியாது. காங்கிரீட்டின் காரத்தன்மையில் ஃபுளோரசீன் மங்காது, இன்னும் நன்றாக ஒளிரும். வெயிலில்தான் சீக்கிரம் அழியும். அதனால் மொட்டைமாடிக் கசிவு என்றால் சாயநீரின் மேல் தார்ப்பாய் போடுங்கள்.

கார் ஏர்கோன் வாயுக் கசிவுக்கும் இதே தத்துவம். சாதாரணக் காருக்குச் சுமார் 7 மில்லி ஏர்கோன் சாயம் போதும். செலுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் ஏர்கோனை ஓட்டி, கண்டென்சர், குழாய் மூட்டுகள், வாயு நிரப்பும் வால்வு, கம்ப்ரசர் தண்டின் முன்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். மெதுவான கசிவு தெரியச் சில நாள் ஆகலாம். பழைய சாயத்தைத் துடைக்காமல் சோதிப்பதும், ரேடியேட்டர் கூலன்ட் சிந்தியதைக் கசிவு என்று எண்ணுவதும் வழக்கமாக நடக்கும் குழப்பங்கள். பல கூலன்ட்டுகளும் பச்சையாகவே ஒளிரும்.

பூனை மூத்திரம் எங்கே நாறுகிறது என்று தேட 365 அருமை, மங்கிய மஞ்சளாகத் தெரியும். எலி மூத்திரமும் ஒளிரும். ஆனால் விளக்கு இடத்தைத்தான் காட்டும், இது இன்னது என்று சொல்லாது. சலவைத்தூள் நீலமாகவும், டானிக் வாட்டர் நீலமாகவும், நம் அடுப்படியில் சிந்திய மஞ்சள்தூள் பச்சை கலந்த மஞ்சளாகவும் எரியும். சாம்பார் தெறித்த சுவரைப் பார்த்துப் பூனையைத் திட்டாதீர்கள். எலி என்று உறுதியானால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். கையுறை போட்டு, குளோராக்ஸ் கலந்த நீரால் நனைத்து, சிறிது நேரம் விட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் சாதாரண விஷயம் இல்லை.

முகாமிட்டால் காலணிக்குள்ளும் விறகுக் குவியலிலும் தேளைத் தேடவும் இது உதவும். நம் காட்டின் பெரிய கருந்தேள் நீலப்பச்சையாகச் சில மீட்டரிலிருந்தே தெரியும், 395-இலும் தெரியும். புதிதாகத் தோல் உரித்த தேள் ஒளிராது; பாம்பையும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. எனவே காலணியைத் தட்டாமல் போடும் பழக்கம் வேண்டாம்.

பணத்தாள் சோதனை கொஞ்சம் எளிமை. 10, 20, 50, 100 ரிங்கிட் தாள்கள் பருத்தியாலானவை. தாள் முழுவதும் நீலவெண்மையாக எரிந்தால் சாதாரணத் தாள் என்று சந்தேகிக்கலாம். ஆனால் சட்டைப் பையோடு சலவை இயந்திரத்தில் போன நல்ல நோட்டும் சலவைத்தூளால் அப்படி எரியும். அதனால் நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலையிலும் சோளத்திலும் பூஞ்சை நஞ்சைப் புற ஊதாவில் கண்டுபிடிக்கலாம் என்பதை வீட்டில் நம்ப வேண்டாம். அஃப்ளாடாக்சின் ஒளிர்வது உண்மை, ஆனால் ஒளிராததால் நஞ்சில்லை என்று ஆகாது. 'கிருமி கொல்லும் புற ஊதா டார்ச்லைட்' என்று 365, 395 விற்பதும் பொய். அதற்கு 280 நானோமீட்டருக்குக் கீழே வேண்டும், அது கண்ணையும் தோலையும் சேர்த்தே சுடும். 365-க்கும் பாதுகாப்பு தேவை: ஒளி தெரியாததால் கண் தானாக மூடாது. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பளபளக்கும் ஓடு, கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சொந்தமாக மாற்றிக் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. மின்னணுக் கடைகள் உள்ள ஜாலான் பசாரில் தனி எல்இடி வாங்கி வெள்ளைக்குப் பதில் சிவப்பைப் போட்டால் சீக்கிரம் கருகும், காரணம் மின்னழுத்தம். வெள்ளை, நீலம், பச்சைக்குச் சுமார் 3 வோல்ட் தேவை, சிவப்புக்கு 2. மூன்று பேட்டரி, 4.5 வோல்ட், 20 மில்லியாம்பியர் சிறிய எல்இடி என்றால் வெள்ளைக்கு 68 ஓம் மின்தடை. அதே 68-இல் சிவப்பு 37 மில்லியாம்பியர் இழுக்கும். 120 ஓம் போடுங்கள்.

எதை வாங்குவது? நல்ல வெள்ளை ஒன்று, வெளிச்ச நிறம் 4000 கெல்வின் அருகே, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல். நிச்சியா 519ஏ எல்இடி போட்டவை நம்பகமானவை. மங்கலான சிவப்பு ஒளியும் உள்ள தலைவிளக்கு ஒன்று. வடிகட்டி போட்ட 365 ஒன்று. தூண்டில் போடுபவர் மட்டும் பச்சை மூழ்குவிளக்கு. நீலம் வேண்டாம். நம் ஈரக்காற்றில் அல்கலைன் பேட்டரி கசிந்து முனையைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் பயன்படுத்தாத விளக்கிலிருந்து எடுத்து வையுங்கள், அல்லது நிக்கல் ரீசார்ஜபிள் போடுங்கள். 18650 லித்தியம் செல் பயன்படுத்துவதென்றால் பாதுகாப்புச் சுற்று உள்ளதாக வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், சாவிக்கொத்தோடு பையில் போட வேண்டாம். விமானத்தில் பினாங்குக்குப் போகும்போது உபரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.